கைச்சுழற்சி டை இயந்திரமும் ஒரு பிஸ்கட் டின் நிறைய டைகளும்: 14 மாதப் பயன்பாட்டின் பின் ஒரு மதிப்பீடு

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி வாழ்த்து அட்டைகள் செய்து, தெரிந்தவர்களுக்கும் அவர்கள் சொல்லி வருபவர்களுக்கும் விற்று வருகிற எனக்கு, ஆறு ஆண்டுகளாகக் கத்தரிக்கோலும் கூர்க்கத்தியும் இரும்பு அடிமட்டமுமே கருவிகளாக இருந்தன. ஒரு பூவின் ஐந்து இதழ்களைக் கையால் வெட்டி எடுப்பது இனிமையான வேலைதான். ஆனால் 40 அட்டைகளுக்கு 200 இதழ்கள் என்று கணக்குப் போடும்போது அது விரல் மூட்டு நோவில் முடிகிற வேலை. சென்ற ஆண்டு வெசாக் பருவத்துக்குச் சற்று முன்னர், புறக்கோட்டையில் 24,500 ரூபாய் கொடுத்து, டை எனப்படும் உருக்கு அச்சுகளைக் கொண்டு தாளை வேண்டிய வடிவத்தில் வெட்டும், கையால் சுழற்றி இயக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். இந்தப் பதினான்கு மாதங்களில் ஏறக்குறைய 600 அட்டைகளுக்கான துண்டுகள் அதன் உருளைகளுக்கு இடையே போய் வந்திருக்கின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இயந்திரத்தைத் தயங்காமல் வாங்கலாம், டைகளை வாங்கும்போது மட்டும் கையை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

டை என்பது நமக்கு ஏற்கெனவே இரண்டு பொருள் தருகிற சொல் என்பதால் முதல் நாளே ஒரு சிறு குழப்பம் நேர்ந்தது. மலிபன் வீதியில் காகிதாதிகள் விற்கும் கடையொன்றில் நுழைந்து டை இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த நானா மிகவும் பணிவாக, "தங்கச்சி, கழுத்துல கட்டுறதா, தலைக்குப் பூசுறதா? ரெண்டும் இங்க இல்லையே" என்றார். கைப்பேசியில் படத்தைக் காட்டியதும், "ஓ, பிஸ்கட் வெட்டுற அச்சு மாதிரி, பேப்பருக்கு" என்று அவரே விளக்கமும் சொல்லி, கேக் அலங்காரப் பொருட்கள் விற்கும் இன்னொரு கடைக்கு வழி காட்டினார். அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சப்பாத்துத் தொழிலில் தோலை ஒரே அளவில் வெட்டி எடுப்பதற்காக உருவான முறைதான் பின்னர் அட்டைப் பெட்டிகளுக்கும் காகிதத்துக்கும் வந்து, இப்போது என் மேசையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காகச் செயல்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாழ்த்து அட்டைகளுக்குப் பயன்படும் டை என்பது ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டிய தடிப்புள்ள உருக்குத் தகடு. வேண்டிய வடிவத்தின் ஓரம் மட்டும் மேலெழுந்து கூராக நிற்கும்படி மற்றப் பகுதிகளை இரசாயனத்தால் அரித்து அதை உருவாக்குகிறார்கள். அடித்தட்டை வைத்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் வெட்டுத்தட்டு, அதன் மேல் அட்டைத்தாள், அட்டைத்தாளின் மேல் கூர்ப்பக்கம் கீழே பார்க்கும்படி டை, எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு வெட்டுத்தட்டு என்று அடுக்கி, அந்த அடுக்கை இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால், அந்தப் பக்கம் வெளிவரும்போது வடிவம் துல்லியமாக வெட்டுப்பட்டிருக்கும். அடுக்கு உருளைக்குள் நுழையும் கணத்தில் 'மடக்' என்று ஒரு சத்தம் எழும். முதல் தடவை நான் இயந்திரத்தை உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். டை உருளையின் கீழ் ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்தம் மாறுவதால் எழும் சத்தம் அது. பழகிய பின்னர் அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் எதையோ வைக்க மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

என்னுடைய இயந்திரத்தில் விற்பனைப் பெயர் ஏதும் பொறிக்கப்படவில்லை. இதன் வாய் 6 அங்குல அகலம், அதாவது சிசிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷாட் இயந்திரத்தின் வாய் அளவே. ஆகையால் அந்த அளவுக்கென்று விற்கப்படும் மெல்லிய டைகள் எல்லாம் இதில் நுழைகின்றன. உடல் முழுவதும் பிளாஸ்டிக் என்றாலும் உருளைகளும் அவற்றைச் சுழற்றும் பற்சக்கரங்களும் உலோகம். கடையில் கைப்பிடியைக் கழற்றி உள்ளே பார்த்து இதை உறுதிசெய்துகொண்ட பின்னரே பணத்தைக் கொடுத்தேன், பற்சக்கரமும் பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். நான்கு கிலோவுக்குக் குறையாத பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு 100ஆம் இலக்கப் பேருந்தில் காலி வீதி வழியாக வீடு வந்து சேர்ந்தது தனிக்கதை. அடியில் உள்ள இறப்பர்க் கால்கள் ஓடு பதித்த தரையிலும் கண்ணாடி மேசையிலும் நன்றாகப் பிடிக்கின்றன. மேசை விரிப்பின் மேல் வைத்தால் விரிப்போடு சேர்ந்து இயந்திரமும் நம்மை நோக்கி நடந்து வரும்.

குறையென்று முதலில் சொல்ல வேண்டியது அழுத்தத்தின் சமமின்மை. ஒரே அளவான இரண்டு வட்ட டைகளை இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைத்து ஒரே முறையில் வெட்டிப் பார்த்தால் உருளைகள் சீராக இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். என்னுடையதில் இடது வட்டம் தானாகவே உதிர்ந்தது, வலது வட்டம் இரண்டு இடங்களில் நூல் போலப் பிடித்துக்கொண்டு நின்றது. சாதாரண 80 கிராம் பிரதித்தாளை நீளவாக்கில் மடித்து அடுக்கின் வலப்பக்கத்தில் மட்டும் செருகினால் இது சரியாகிவிடுகிறது. வெட்டு முழுமையாக விழாத எந்த டைக்கும் இதே வைத்தியந்தான்: ஒரு தாளைச் சேர், மீண்டும் சுழற்று, போதாவிட்டால் இன்னொரு தாள். ஒரேயடியாக மூன்று, நான்கு தாள்களைச் செருகிக் கைப்பிடியைப் பலவந்தமாகத் திருப்பினால் விரிசல் விழுவது வெட்டுத்தட்டில்தான்.

வெட்டுத்தட்டுகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என்னுடைய ஒரே உண்மையான மனத்தாங்கல் அங்கேதான். ஒவ்வொரு வெட்டிலும் டையின் தடம் தட்டில் பதியும், அது இயல்பு. ஒரே பக்கத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் தட்டு வாழையிலை போல வளையும் என்பதால், ஒவ்வொரு முறையும் புரட்டியும் திருப்பியும் வைக்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தியும் ஐந்தாவது மாதத்தில் ஒரு தட்டு மூலையில் பிளந்தது. இயந்திரத்தை விற்ற கடையில் மாற்றுத் தட்டு கேட்டபோது அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். அதன் பின்னர் எத்தனையோ கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்து போய்விட்டன. பெயர்ப்பலகை செய்யும் இடமொன்றில் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் தகட்டை அதே அளவில் வெட்டி வாங்கினேன். மூன்றாவது சுழற்சியில் அது கூரான துண்டுகளாக உடைந்தது. விரல் தப்பியது அதிர்ஷ்டம். அக்ரிலிக் உடையும் தன்மையுள்ளது, இந்த வேலைக்கு வளைந்து கொடுக்கும் பொலிகார்பனேட்தான் வேண்டும் என்று பின்னர்தான் விளங்கியது. சாய்ப்புக் கூரைக்குப் போடும் பொலிகார்பனேட் தகட்டில், உள்ளே பொள்ளல் இல்லாத திண்ம வகையைக் கேட்டு, மிஞ்சிய துண்டிலிருந்து நான்கு தட்டுகள் வெட்டி எடுத்தேன். அவை இன்றும் உழைக்கின்றன. இயந்திரம் வாங்குபவர்கள் அதே நாளில் ஒரு சோடி மேலதிகத் தட்டையும் வாங்கிவிட வேண்டும். அது கடையில் இல்லை என்றால், விலை பேசும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கணினியோடு இணைத்து மின்சாரத்தில் இயங்கும் வெட்டுக் கருவிகள், கிரிகட், சில்லூவெட் போன்றவை, இதைவிடப் பல மடங்கு விலையுள்ளவை. நாம் வரைகிற எந்த உருவத்தையும் அவை கத்திமுனையால் கோடு போட்டது போல வெட்டித் தரும். இருந்தாலும், 2022இல் மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நகரத்தில், மெழுகுதிரி வெளிச்சத்திலும் வேலை செய்யும் ஒரு பொருளுக்கு என் மனத்தில் தனி மரியாதை உண்டு.

இனி அட்டைத்தாள். புதிதாகத் தொடங்குபவர்கள் அநேகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான், இயந்திரத்தின் மேல் வருகிற பழிகளில் பாதி உண்மையில் தாளுக்குரியது. பாடசாலைச் செயற்றிட்டங்களுக்கு நாம் வாங்கும் பிரிஸ்டல் போட் பார்வைக்கு நன்றாக இருக்கும். நுண்ணிய சரிகை வேலைப்பாடுள்ள டையில் வைத்தால் ஓரங்கள் பஞ்சு போலப் பிசிறும். டிமை தாள் சுத்தமாக வெட்டுப்படும், ஆனால் அடுக்காக ஒட்டும்போது நிற்கும் வலு அதற்கு இல்லை. அட்டையின் அடித்தளத்துக்கு 250 முதல் 300 கிராம் வரையும், டையால் வெட்டி ஒட்டும் பகுதிகளுக்கு 160 முதல் 220 கிராம் வரையும் உள்ள தாளே எனக்குப் பொருந்தியிருக்கிறது. கிராம் என்று கடையில் சொல்வது ஒரு சதுர மீற்றர் தாளின் எடை. 300 கிராம் ஏ4 தாளொன்றை இரண்டாக வெட்டி ஒரு பாதியை மடித்தால் கிடைக்கும் ஏ6 அட்டை, அலங்காரம் எதுவும் ஏறுவதற்கு முன்னரே 9 கிராமுக்குச் சற்று மேல் நிறுக்கும்; 114க்கு 162 மில்லிமீற்றர் அளவுள்ள சி6 உறையில் அது அடங்கும். ஒரு ஏ4 தாளில் இரண்டு அட்டை என்பதால் கழிவும் இல்லை.

தாளின் நாரோட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தாளை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இரு திசைகளிலும் வளைத்துப் பார்த்தால், எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்தத் திசைக்கு இசைவாகவே மடிப்புக் கோடு அமைய வேண்டும். எதிர்த்திசையில் மடித்தால், குறிப்பாகக் கடும் நிறத் தாள்களில், மடிப்பு வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். சிவப்பு அட்டைகள் முப்பது இப்படி வெடித்த பின்னர்தான் நான் இதைக் கற்றேன்.

டைகளுக்கு வருவோம். சந்தையில் கிடைப்பவற்றின் உலகம் நம்முடையதல்ல. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் அச்சிட்டு விற்ற நத்தார் அட்டையோடு தொடங்கிய வழக்கம் என்பதாலோ என்னவோ, டைத் தொகுதிகளில் பனித்துகள்கள், கலைமான்கள், பனிபடிந்த ஊசியிலை மரங்கள், ஆங்கிலக் கூட்டெழுத்தில் வாழ்த்துச் சொற்கள் ஆகியவையே நிறைந்திருக்கின்றன. டிசம்பரிலும் வியர்க்கிற கொழும்பில் பனித்துகள் ஒட்டிய நத்தார் அட்டை விற்கத்தான் செய்கிறது, நானும் செய்து விற்றிருக்கிறேன். ஆனால் அந்த டை ஆண்டில் மூன்று வாரங்களுக்கு மட்டுமே பெட்டியை விட்டு வெளியே வருகிறது. குத்துவிளக்கு, பொங்கல் பானை, பூரண கும்பம் போன்ற வடிவங்களைத் தேடி அலைந்து களைத்துப்போன ஒரு கட்டத்தில்தான், படங்களை வாங்குவதை நிறுத்திவிட்டு வடிவங்களை வாங்கத் தொடங்கினேன்.

என்னிடம் இப்போது அடிக்கடி உழைப்பவை நான்கே: ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எட்டு வட்டங்கள் கொண்ட தொகுதி, அதேபோன்ற நீள்வட்டத் தொகுதி, ஓரம் அலையலையாக உள்ள வட்டம், நடு நரம்பு மட்டும் உள்ள ஒற்றை இலை. பொங்கல் அட்டைக்கு, பெரிய வட்டத்தைச் செங்கல் நிறத் தாளில் வெட்டி மேற்பகுதியைக் கத்தரித்துவிட்டு, மெல்லிய நீள்வட்டத்தை வாயாக ஒட்டினால் பானை. வெள்ளைத் தாளில் அலைவட்டத்தின் அரைப்பங்கு பொங்கி வழியும் பால். அதையே மஞ்சளில் முழுதாக வெட்டினால் பின்னால் எழும் சூரியன். இலை டை பச்சையில் மாவிலைத் தோரணமாகிறது, மஞ்சளில் வெட்டித் தலைகீழாகத் திருப்பினால் விளக்கின் சுடராகிறது, நீலத்திலும் பச்சையிலும் விசிறி போல ஒட்டினால் மயில்தோகையாகிறது. தீபாவளிக்கு நான் செய்யும் அகல்விளக்கு, அரைவட்டம் ஒன்றும் அந்த இலையொன்றுமே. இவற்றோடு ஒரு தாமரை டையை மட்டும் செலவென்று பாராமல் வாங்கினேன். வெசாக்கிற்கு அயல் வீடுகளிலிருந்து வரும் கட்டளைகளுக்கும், சரஸ்வதி பூசைக்கும், திருமண வாழ்த்துகளுக்கும் என்று அந்த ஒரே பூ ஆண்டு முழுவதும் மலர்ந்துகொண்டிருக்கிறது.

வெட்டுவதில் பழகிக்கொள்ள வேண்டிய சில நுணுக்கங்கள் உண்டு. சரிகை போன்ற நுண்ணிய டைகளில் தாள் சிக்கிக்கொண்டு வர மறுக்கும். கேக் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாளின் ஒரு துண்டை டைக்கும் அட்டைத்தாளுக்கும் இடையே வைத்து வெட்டினால் சுலபமாகக் கழன்று வரும். டை நகராமல் இருக்க, வர்ணப் பூச்சாளர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பைக் கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிட்டு ஒட்ட வேண்டும், இல்லையேல் உரிக்கும்போது தாளின் தோலும் சேர்ந்து வரும். வட்டத் தொகுதியில் அடுத்தடுத்த அளவு டைகள் இரண்டையும் சேர்த்து ஒரே முறையில் வெட்டினால் ஒரு சீரான வளையம் கிடைக்கும். நிறம் மாற்றிப் பொருத்தும் உத்திதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே டையை மூன்று நிறத் தாள்களில் வெட்டி, ஒன்றின் துவாரத்தில் மற்றதன் துண்டைப் பொருத்தினால், பசை தெரியாமல் பதித்த வேலை போல இருக்கும். உதிர்கிற நுண் துண்டுகள் நெல்லுமி போல எங்கும் பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் நெற்றி வியர்வை அட்டையில் சொட்டாமல் பார்த்துக்கொள்வதும் வேலையில் ஒரு பங்கு.

இந்த முறை அடியோடு தோற்றுப்போகிற இடம் தமிழ் எழுத்து. ஆங்கிலக் கூட்டெழுத்தில் ஒரு சொல்லின் எழுத்துகள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே துண்டாக வரும். நம் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை, போதாததற்குப் புள்ளிகள் வேறு. 'வாழ்த்துகள்' என்ற சொல்லை வெட்டினால் ஆறு எழுத்துகளும் அவற்றிலிருந்து பிரிந்து கிடக்கும் மூன்று புள்ளிகளும் மிஞ்சும். கடுகளவான அந்தப் புள்ளிகளை இடுக்கியால் எடுத்து ஒட்டிய ஒரு மாலைப்பொழுதை நான் மறக்கமாட்டேன். 'ள்' ஒன்றின் புள்ளி பறந்துபோய், அந்த அட்டை 'வாழ்த்துகள' என்றே உறைக்குள் போகப் பார்த்தது. 'தீபாவளி' ஒன்றுதான் புள்ளியே இல்லாத புண்ணியச் சொல். இப்போது நான் இதற்கு டையை நாடுவதே இல்லை. கொழும்பில் இறப்பர் முத்திரை செய்பவர்களிடம் பிடித்த எழுத்துருவில் சொல்லைக் கொடுத்தால், அலுவலக முத்திரை போலவே செய்து தருகிறார்கள். மை மட்டும் அலுவலகங்களில் உள்ள ஊதா மையாக இல்லாமல் விரைவில் காயும் கறுப்பாக இருக்க வேண்டும். பளபளப்பான தாளில் அது இழுகும், மங்கலான பரப்புள்ள தாளில் எழுத்து கச்சிதமாக விழும். நீள்வட்ட டையால் வெட்டிய வெள்ளைத் துண்டில் முத்திரை குத்தி, அதை நுரை நாடாவால் சற்று உயர்த்தி ஒட்டினால், வாழ்த்து தனியே மிதந்து நிற்கும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. டைகள் உருக்கினால் ஆனவை, உப்புக்காற்று அவற்றை விடாது. யன்னலோரம் வைத்திருந்த இரண்டு டைகளில் மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிய பின்னர் துரு படிந்து, வெள்ளைத் தாளில் தேநீர்க் கறை போல ஒரு கோட்டை விட்டன. தையல் இயந்திர எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, கழிவுத்தாளில் நாலைந்து முறை வெட்டி எண்ணெயைப் போக்கிய பின்னரே அவை மீண்டும் உதவின. அன்றிலிருந்து எல்லா டைகளும் மூடி இறுகிய பிஸ்கட் டின்னில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. அட்டைத்தாள்களும் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். வெட்டுவதற்கு முதல்நாள் இரவே கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

செலவைச் சொல்லாமல் விட முடியாது. கையால் வெட்டியபோது 40 நிமிடம் பிடித்த ஓர் அட்டை இப்போது கால் மணி நேரத்தில் முடிகிறது, 450 ரூபாய்க்கு விற்கிறேன். இயந்திரத்தின் விலை நான்கே மாதங்களில் திரும்பி வந்துவிட்டது. அதே காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு முறைக்கு மேல் தொடாத டைகளின் விலையைக் கூட்டிப் பார்த்தபோது அது இன்னொரு இயந்திரத்தின் விலைக்குக் கிட்ட வந்தது. கணவர் அந்தக் கூட்டலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேநீர் போடப் போனார்.

ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் மட்டுமே செய்பவர்களுக்கு இது தேவையில்லை. நல்லதொரு கூர்க்கத்தியும் பொறுமையும் போதும். மாதம் இருபதுக்கு மேல் செய்பவர்கள், பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் முதலாவது பிறந்தநாள்களுக்கும் ஒரே மாதிரி அழைப்பிதழ்களை மொத்தமாகச் செய்து கொடுப்பவர்கள் ஆகியோருக்கு உகந்தது. வாங்கப் போகும்போது நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அட்டைத்தாளில் இரண்டு துண்டுகளைக் கைப்பையில் எடுத்துச் சென்று, அதையே வைத்து வெட்டிக் காட்டும்படி கேளுங்கள். கடைக்காரர்கள் காட்சிக்கென்று வைத்திருக்கும் மெல்லிய தாளில் எந்த இயந்திரமும் வெண்ணெயைப் போலத்தான் வெட்டும்.